ஊர்ச்சுவரில் ஓர் எச்சரிக்கைக் கூண்டு

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். படகுகளைப் பத்திரப்படுத்துவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியதையும் இந்தக் கரை மறக்கவில்லை.

கடலில் வரும் புயலுக்குக் கூண்டு இருக்கிறது. மழை பொய்த்து, மிளகாய் விலை விழுந்து, வட்டி ஏறி, தூக்கம் இல்லாமல் கிடக்கும் விவசாயியின் மனதில் அடிக்கும் புயலுக்கு? அதற்கான கூண்டை உங்கள் ஊர்ச்சுவரிலேயே ஏற்றலாம்.

சுவரும் கூத்தும்

ஊர்ச்சுவர்களில் உரம், விதை, பூச்சிக்கொல்லி விளம்பரங்களைப் பார்க்கிறோம். ஒரு சுவரை உயிர் காக்க ஒதுக்குவோம். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தாலும் பாட்டாலும்தான் எழுத்தறிவை ஊர் ஊராகக் கொண்டுபோனது. வாய்விட்டுப் பேசத் தயங்கும் தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் அப்படிப் பேச முடியும். திருவிழாவில் வில்லுப்பாட்டு, கிராம சபை நாளில் வீதி நாடகம் என்று தொடங்கலாம்.

எதை வரையலாம்?

கயிறு, மருந்து பாட்டில், இறந்தவர் படம் வேண்டாம். நொந்திருப்பவருக்கு அவை வழிகாட்டியாகிவிடும். 'கோழை' என்ற ஏச்சும் வேண்டாம். இறந்தவரைத் தியாகியாக்கவும் வேண்டாம். வேப்பமர நிழலில் இருவர் பேசுவது, பூட்டிய மருந்துப் பெட்டி, தொலைபேசி எண் ஆகியவற்றை வரையுங்கள். எண் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ரேஷன் கடை, கூட்டுறவுக் கடன் சங்கம், உரக்கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை ஏற்ற இடங்கள்.

பூட்டு காக்கும் உயிர்

படத்தில் பூட்டிய பெட்டி ஏன்? சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்புகிறது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் சென்னை சினேகா அமைப்பு பொதுச் சேமிப்பு அறை அமைத்து, ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுப் பெட்டி கொடுத்தது. பெட்டியைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று விவசாயியிடம், மற்றொன்று பொறுப்பாளரிடம். இலங்கை, கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995க்குப் பின் 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நீங்கள் இன்றே செய்யக்கூடியது: தேவைக்கு மேல் மருந்து வாங்காதீர்கள். மீதியை வீட்டுக்குள் வைக்காமல், தனியே பூட்டி வையுங்கள்.

களப்பணியாளர்களுக்கு

'நான் எல்லோருக்கும் பாரம்' என்று பேசுவது, சாப்பாட்டையும் ஆட்களையும் தவிர்ப்பது, திடீரென்று பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது ஆகியவை அறிகுறிகள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அண்ணே?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்க வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். மருந்து குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் செய்யாமல் 108ஐ அழையுங்கள்; மருந்தின் லேபிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். போலீஸ் வழக்குக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

கூண்டு ஏறினால் மட்டும் படகு கரைக்கு வராது. ஊரே சேர்ந்து இழுக்க வேண்டும். சுவரில் படம் வரைந்த மறுநாள், அதன் முன் யாராவது தனியே நின்றால் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம்), சினேகா 044-24640050.