துவைத்து முடிந்தும் வாஷிங் மெஷின் கதவு ஏன் உடனே திறப்பதில்லை?

சிதம்பரத்தில் ஒரு வீட்டில் துணி துவைத்தாகிவிட்டது. முன்பக்கக் கதவு மட்டும் திறக்கவில்லை. இழுக்காதீர்கள்! பூட்டு இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.

பல மெஷின்களின் பூட்டுக்குள் ஒரு குட்டி ஹீட்டரும், இரண்டு உலோகங்களை ஒட்டிய மெல்லிய தகடும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்து ஹீட்டர் சூடானதும் ஓர் உலோகம் அதிகம் விரியும், மற்றது குறைவாக. மொட்டைமாடியில் காயும் அப்பளம், ஒரு பக்கம் முதலில் உலர்ந்து வளைகிறதே, அதுபோலத் தகடும் வளைந்து தாழ்ப்பாளைத் தள்ளுகிறது. ஆறி நிமிர ஓரிரு நிமிடம் வேண்டும். சுற்றும் டிரம்மில் உங்கள் கை போகாமல் காப்பது அந்தத் தாமதம்தான்.

அதன் பிறகும் திறக்கவில்லையா? உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். கீழே உள்ள வடிகட்டியில் நாணயமோ பட்டனோ அடைத்திருக்கிறதா பாருங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படி மின்சாரம் போனால் இவ்வகைப் பூட்டு தானே ஆறி விடுபடும். மின்காந்தத்தால் இயங்கும் சில பூட்டுகள் விடுபடா. அவற்றுக்கென்று சில மெஷின்களில் வடிகட்டி அருகே அவசர இழுப்பு உண்டு. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்த பிறகே அதைத் தொடுங்கள்.

கதவு பூட்டவே மறுத்தால்? ரப்பர் வளையத்தில் துணி நுனி சிக்கியிருக்கலாம். கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு பூட்டின் மின் இணைப்புகள் அரித்திருக்கவும் கூடும். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.