குழந்தைகளின் கண்ணால் போரைக் காட்டியவர்

1957ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது ஜான் கிட்ஸ்மில்லருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவர்தான். படம் ஹாலிவுட்டில் எடுத்ததல்ல. அன்றைய யுகோஸ்லாவியாவில் இருந்த ஸ்லோவேனியாவில், ஃபிரான்ட்ஸே ஷ்டிக்லிட்ஸ் இயக்கிய ‘அமைதிப் பள்ளத்தாக்கு’.

1919இல் கிரான் நகரில் பிறந்த ஷ்டிக்லிட்ஸ், இரண்டாம் உலகப் போரில் பார்டிசான் எதிர்ப்புப் படையில் இருந்தவர். போர் முடிந்ததும் ஆவணப்படங்களில் தொடங்கி, 1948இல் ‘சொந்த மண்ணில்’ எடுத்தார். ஸ்லோவேனிய மொழியின் முதல் முழுநீளப் பேசும் படம் அது. எழுதியவர் சிரில் கோஸ்மாச். படப்பிடிப்பு நடந்த பாச்சா பள்ளத்தாக்கு, முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் கைக்குப் போன பகுதி. முசோலினி ஆட்சியில் அங்கே பள்ளிக்கூடங்களில் ஸ்லோவேனிய மொழிக்கு இடமில்லை. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும்கூட இத்தாலியப் பெயராக மாற்றினார்கள். அடக்கி வைத்த அந்த மொழி, அதே மண்ணிலிருந்து வெள்ளித்திரையில் ஒலித்தது. முதல் படம் என்ற பெருமையைவிட இதுவே பெரிது.

‘அமைதிப் பள்ளத்தாக்கு’ படத்தின் கதை எளிமையானது. குண்டுவீச்சில் அநாதையான மார்கோ என்ற சிறுவனும் லோட்டி என்ற சிறுமியும், போரே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு இருப்பதாக நம்பி அதைத் தேடிப் புறப்படுகிறார்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து தப்பிய அமெரிக்க விமானி ஜிம் வழியில் சேர்ந்துகொள்கிறான். அவன் பேசுவது ஆங்கிலம். குழந்தைகளுக்கு அது புரியாது. இருந்தும் மூவரும் ஒரு குடும்பமாகிவிடுகிறார்கள். ஜிம்மாக நடித்த கிட்ஸ்மில்லர் நிஜத்திலும் அமெரிக்க ராணுவத்துடன் இத்தாலிக்கு வந்து, போருக்குப் பிறகு அங்கேயே தங்கி நடிகரானவர். மார்கோவாக நடித்தது இயக்குநரின் மகன் தூகோ. பார்டிசான்களின் வீரத்தைப் பாடும் படங்களுக்கே மவுசு இருந்த காலத்தில், முன்னாள் பார்டிசான் ஒருவர் இரண்டு குழந்தைகளின் பின்னால் கேமராவைக் கொண்டுபோனது சாதாரண முடிவல்ல.

1960இல் வந்த ‘ஒன்பதாம் வளையம்’ இன்னும் கனமான படம். நாஜி ஆதரவு ஆட்சியில் இருந்த ஸாக்ரெப் நகரில் ரூத் என்ற யூதப் பெண்ணைக் காப்பாற்ற, ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தன் மகன் ஈவோவை அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறது. விளையாட்டுப் பிள்ளையான ஈவோவுக்கு முதலில் அது பாரமாகத் தெரிகிறது. அவன் மனம் மாறிய பிறகு ரூத்தை முகாமுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இந்தப் படம் இடம்பெற்றது. விருதை இயக்குநர் பெர்க்மனின் ‘கன்னி ஊற்று’ வென்றது.

பின்னாளில் சிறுவர் தொடர்களையும் நகைச்சுவைப் படங்களையும்கூட எடுத்த ஷ்டிக்லிட்ஸ், ஸ்லோவேனியா தனிநாடாகி இரண்டே ஆண்டில், 1993இல் காலமானார். ‘அமைதிப் பள்ளத்தாக்கு’ படத்தைச் சீரமைத்து 2016இல் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் மீண்டும் திரையிட்டார்கள். அவருடைய படங்களைப் பார்க்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். வீட்டுக் குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.