பார்வை மங்குகிறதா? கம்ப்யூட்டரை இப்போதே தயார் செய்யுங்கள்!

கம்ப்யூட்டர் திரையில் மவுஸ் கர்சர் எங்கே போனது என்று நாம் எல்லாருமே எப்போதாவது தேடுவோம். மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டினால் கண்ணில் பட்டுவிடும். சிலருக்கு இந்தத் தேடல் நாள் முழுக்க நடக்கிறது. மேஜையில் வைத்த டம்ளர், வாசற்படி, எதிரே வந்து வணக்கம் சொன்னவரின் முகம் என்று எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கிறது. பரம்பரையாக வரும் விழித்திரை நோய் உள்ளவர்களின் நிலை இது. உங்கள் வீட்டிலோ, உறவிலோ இப்படி ஒருவர் இருந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் அவருடைய மனச்சுமையைக் கொஞ்சம் இறக்கி வைக்க உதவும்.

இது என்ன நோய்?

இந்த வகை நோய்களில் அதிகம் காணப்படுவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. விழித்திரையில், மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழிகின்றன. அதனால் இரவில் கண் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிடும். ஸ்டார்கார்ட் என்னும் நோயில் இது தலைகீழாக நடக்கும். ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை மங்கும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டர் பார்ப்பதால் இந்த நோய்கள் வருவதில்லை. காரணம் மரபணுவில் உள்ள குறை. அதிக நேரம் திரையைப் பார்த்தால் கண் வறண்டு சோர்வு ஏற்படலாம். அது வேறு, இது வேறு. "ராத்திரி பகலா கம்ப்யூட்டரையே பார்த்தே, அதான் இப்படி" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பழியை ஏற்க வேண்டியதில்லை.

ஓயாத மனஅழுத்தம் ஏன்?

ஒரு விபத்தில் பார்வை போனால் அதிர்ச்சி ஒரே நாளில் வந்து, மெல்ல மெல்ல மனம் தேறும். இங்கே அப்படி இல்லை. பார்வை பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைகிறது. இன்றைய நிலைக்குப் பழகி முடிப்பதற்குள் அடுத்த படி இறங்கிவிடுகிறது. எப்போது, எவ்வளவு குறையும் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வேலை போய்விடுமா, பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்விகள் தூக்கத்தைக் கெடுக்கும். பகலில் நன்றாக நடப்பவர் மாலையில் தடுமாறினால் "நடிக்கிறார்" என்ற பேச்சும் கிளம்பும். இதற்குப் பயந்தே பலர் அலுவலகத்தில் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதே தனி வேலையாகி, உடலும் மனமும் எந்நேரமும் விறைப்பாக இருக்கின்றன.

இந்த அழுத்தத்தைக் குறைக்க ஒரு வழி, அடுத்த படிக்கு முன்கூட்டியே தயாராவது. அதற்கான வசதிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் கீயுடன் யு கீயை அழுத்துங்கள். விண்டோஸ் 11ல் அக்சஸிபிலிட்டி பிரிவு திறக்கும். அங்கே மவுஸ் பாயிண்டரைப் பெரிதாக்கி, பளிச்சென்ற மஞ்சள் போன்ற நிறத்தைக் கொடுங்கள். வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசச் செய்தால் கான்ட்ராஸ்ட் தீம் பகுதிக்குச் சென்று, கறுப்பில் வெள்ளை எழுத்து வரும் தீமைத் தேர்ந்தெடுங்கள்.

கர்சரைத் தேடும் தொல்லைக்கும் வழி உண்டு. கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பிரிவைத் திறந்து, பாயிண்டர் ஆப்ஷன்ஸ் டேபில் கடைசியாக உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள். இனி கண்ட்ரோல் கீயை ஒரு முறை தட்டினால், கர்சரைச் சுற்றி வட்டங்கள் தோன்றி இடத்தைக் காட்டும்.

எழுத்தைப் பெரிதாக்கலாமா?

பார்வை குறைவு என்றதும் எழுத்தைப் பெரிதாக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். நடுப் பார்வை மங்கியவருக்கு அது நல்ல உதவி. விண்டோஸ் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால் மேக்னிஃபையர் வரும். விண்டோஸ் கீயுடன் எஸ்கேப் அழுத்தினால் மறையும். ஆனால் குழாய்ப் பார்வை உள்ளவருக்கு எழுத்து மிகப் பெரிதானால், பார்க்க முடிகிற சிறு வட்டத்துக்குள் ஒரு சொல்கூட அடங்காது. அவருக்கு அளவான எழுத்தும் நல்ல கான்ட்ராஸ்ட்டுமே வசதி. எனவே அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு அமையுங்கள். நாமாக மாற்றி வைத்தால் அதுவும் ஒரு எரிச்சலாகிவிடும்.

கண் தெரியும்போதே கை பழகட்டும்

கீ போர்டில் எஃப், ஜே கீகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடு தட்டுப்படும். இரு ஆள்காட்டி விரல்களையும் அங்கே வைத்து, பார்க்காமலே டைப் செய்யப் பழகலாம். புரோகிராம் மாற ஆல்ட் மற்றும் டேப், மூட ஆல்ட் மற்றும் எஃப் 4, சேமிக்க கண்ட்ரோல் மற்றும் எஸ் என்று ஒரு வாரத்துக்கு மூன்று ஷார்ட்கட் போதும்.

அடுத்து, திரையைப் படித்துச் சொல்லும் நரேட்டர். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நின்றுவிடும். தமிழ் குரலை விண்டோஸில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். என்.வி.டி.ஏ. என்ற இலவச புரோகிராமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006ல் இதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். தமிழிலும் இது படிக்கும்.

தினம் பத்து நிமிடம் மானிட்டரை அணைத்துவிட்டு, நரேட்டர் துணையுடன் நோட்பேடில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். முதல் நாள் பயமாகத்தான் இருக்கும். சில வாரங்களில், "பார்வை இன்னும் குறைந்தாலும் என் வேலையை நானே செய்வேன்" என்ற தைரியம் வரும். பார்வை இருக்கும்போதே இதைப் பழகுவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மழைக்கு முன் கூரையைச் சரி செய்வது போலத்தான்.

இவற்றையும் மறக்காதீர்கள்

அரசுப் பணியில் இருப்பவர் பணிக்காலத்தில் பார்வை இழந்தால், அந்தக் காரணத்துக்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கு ஊகத்தில் தவிக்காமல் மரபணு ஆலோசனை பெறுங்கள். நோய் பரம்பரையாக வரும் விதம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆர்.பி.இ. 65 என்ற மரபணுக் குறைக்கு அமெரிக்காவில் 2017ல் மரபணு சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. அது அந்த ஒரு வகைக்கு மட்டும் என்பதால், எல்லாம் குணமாகும் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இருந்தால் கம்ப்யூட்டர் செட்டிங்ஸ் போதாது. மனநல டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இன்று மாலையே அவரோடு அமர்ந்து, விண்டோஸ் கீயையும் யு கீயையும் அழுத்தித் தொடங்குங்கள். நோயை மறைக்காமல் பேச, அதுவே ஒரு நல்ல சாக்காக அமையலாம்.