வாய்க்குள் அடங்கினால் இரை
கழிமுகத்து வேட்டைக்காரர்கள் – 7

போன வாரம் பார்த்த சீலா, துரத்திப் பிடிக்கிற மீன். கொடுவாவுக்கு அந்த ஓட்டமெல்லாம் தேவையில்லை. முகத்துவாரத்தில் வத்தம் தொடங்கியதும், அலையாத்திக் காட்டுக்குள் ஏறியிருந்த தண்ணீர் சின்னச் சின்ன ஓடைகள் வழியாக வடியும். மடவைக் குஞ்சும் இறாலும் அதோடு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஓடை வாயில், வேர்களின் நிழலில், கொடுவா அசையாமல் நிற்கும்.

இரை கிட்டே வந்ததும் சட்டென்று வாயை அகலத் திறக்கும். தண்ணீரும் இரையுமாக உள்ளே இழுபட்டுப் போகும். தண்ணீர் மட்டும் செவுள் வழியே வெளியேறிவிடும். கடிக்கிற வேலையே இல்லை. வஞ்சிரத்தைப் போல வெட்டும் பல் இதற்குக் கிடையாது. வாய்க்குள் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், அவ்வளவுதான். (செவுள் மூடியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், கிழித்துவிடும்.) அதனால் இரை முழுசாகத்தான் வயிற்றுக்குப் போகிறது.

சந்தையில் ஒரு பெரிய கொடுவாவை வெட்டக் கொடுத்து, வயிற்றைத் தனியே கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் மடவை. தலைப்பக்கம் கூழாகிவிட்டது, வால் பக்கம் செதில்கூட உதிரவில்லை. “அதுக்கும் சேர்த்துத்தான் சார் காசு குடுத்திருக்கீங்க” என்றார் வெட்டிய அக்கா.

கொடுவா என்ன தின்னும் என்று கேட்டால், மீன் பெயர்களை அடுக்குவது அரைப் பதில்தான். எதுவானாலும் வாய்க்குள் அடங்க வேண்டும், அதுதான் கணக்கு. வட ஆஸ்திரேலியாவில் இதே மீனின் இரைப்பைகளை ஆராய்ந்த டேவிஸின் 1985 கட்டுரையும் அதைத்தான் காட்டுகிறது. குஞ்சுப் பருவத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மிதவை உயிர்கள், வளர வளர இறால், பிறகு மேலும் மேலும் மீன்.

அந்தக் கணக்கில் உடன்பிறப்புக்கும் விலக்கு இல்லை. சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. பொரிப்பகத்தில் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்று வேளாவேளைக்குத் தீனி போட்டாலும், கொஞ்சம் முந்தி வளர்ந்த குஞ்சு பக்கத்துக் குஞ்சை விழுங்கிவிடும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பதைக்கூட விடாது. பசி அடங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. ஓரளவு வளரும் வரை பெரிசு, சிறிசு என்று சலித்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிக்கத் தவறினால் தொட்டியில் எண்ணிக்கை சரியும்; மிச்சமிருப்பவை கொழுகொழுவென்று இருக்கும்.

குளத்தில் வளர்ப்பவர்கள் இதே குணத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வதும் உண்டு. கொடுவாக் குஞ்சை இறக்குமுன் ஜிலேபி மீனை விட்டு வைப்பார்கள். ஜிலேபி ஓயாமல் குஞ்சு போடும்; கொடுவா அவற்றை ஓயாமல் விழுங்கும். தாய் ஜிலேபி அதன் வாய்க்குள் அடங்காது. அது பாட்டுக்கு அடுத்த ஈட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

(தொடரும்)