மன்னிப்புக் கேட்கும் முறை: அமெரிக்காவிலும் ஜப்பானிலும்

மரியாதை என்பது எல்லா நாட்டார்க்கும் பொது. அதனைக் காட்டும் முறையோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கர் கைகுலுக்கி, கண்ணை நேரே நோக்கிப் பேசுவர். முதற் சந்திப்பிலேயே பெயர் சொல்லி அழைப்பர். ஜப்பானியர் தலை தாழ்த்தி வணங்குவர். குடும்பப் பெயரோடு 'சான்' என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்த்தே அழைப்பர். இவற்றில் வெளியூரார் தவறினால் ஒரு புன்னகையோடு போய்விடும். மன்னிப்புக் கேட்பதில் உள்ள வேற்றுமையோ அத்தகையதன்று. அது நெஞ்சைப் புண்படுத்த வல்லது.

ஜப்பானில் 'சுமிமாசென்' என்றொரு சொல் உண்டு. காலை மிதித்துவிட்டாலும் அதுவே. வழி கேட்பதற்கும் அதுவே. ஒருவர் செய்த உதவிக்கு நன்றி கூறவும் அதுவே. 'எம்மால் உமக்குத் தொல்லை நேர்ந்தது, அதனை உணர்கிறோம்' என்பதே அதன் உட்பொருள். குற்றம் யாருடையது என்பது பிறகு ஆராயப்படும். பிறர் படும் தொல்லையை ஒப்புக்கொள்வதே முதற்கடமை.

2017 நவம்பர் 14 அன்று, தோக்கியோவையும் சுக்குபாவையும் இணைக்கும் ரயில் ஒன்று மினாமி நாகரேயாமா நிலையத்தினின்று 20 வினாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. பயணிகள் எவரும் முறையிடவில்லை. ஆயினும் அந்த நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கோரி அறிக்கை வெளியிட்டது. கால அட்டவணையோடு நாள்தோறும் போராடும் எம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்க்கு இது வியப்பன்றோ!

அமெரிக்காவிலோ மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படும். விபத்து நேர்ந்த இடத்தில் சொன்ன ஒரு சொல் நாளை நீதிமன்றத்தில் சாட்சியமாகிவிடுமோ என்ற அச்சம் அங்கே உண்டு. அதனாலேயே 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலம், விபத்தில் வருந்தியோர்க்குக் கூறும் ஆறுதல் மொழியைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று சட்டம் இயற்றிற்று. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழி சென்றன.

இவ்விரு வழக்கங்களும் 2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய்த் தீவை அடுத்த கடலில் எதிரெதிரே நின்றன. 'கிரீன்வில்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் திடீரென மேலெழும்பி, 'எஹிமே மாரு' என்னும் ஜப்பானியப் பயிற்சிக் கப்பலை மோதி மூழ்கடித்தது. மீன்வளப் பள்ளி மாணவர் நால்வர் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரியது. ஆனால் கப்பலின் தலைவர் ஸ்காட் வாடில் நேரில் வந்து தலை வணங்க வேண்டும் என்றே பெற்றோர் ஏங்கினர். விசாரணையை எதிர்நோக்கியிருந்த அவரோ, முதலில் வழக்கறிஞர் வழியாக 'வருத்தம்' தெரிவித்தார். அச்சொல் அவர்கள் புண்ணை ஆற்றவில்லை. மார்ச்சு மாதம் விசாரணைக்கு வந்திருந்த குடும்பத்தார் சிலரிடம் அவர் நேரிலேயே மன்னிப்புக் கேட்டார். 2002 டிசம்பரில், கடற்படையை விட்டு விலகிய பின், அம்மாணவர்களின் ஊராகிய உவாஜிமாவுக்கே சென்று நினைவுச் சின்னத்தின் முன் வணங்கினார்.

அமெரிக்கர் இரக்கமற்றவர் என்றோ, ஜப்பானியர் மிகையாக எதிர்பார்ப்பவர் என்றோ நாம் முடிவு கட்டுதல் தகாது. எளிதில் சொல்லும் மன்னிப்பு வெறும் சடங்காவதும் உண்டு. தயங்கிச் சொல்லும் மன்னிப்புக்குத் தனிக் கனமும் உண்டு. எனினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சட்டத்தின் தயக்கம் விளங்குமா?

பிற மொழியார் நடுவே வாழும் நம் குடும்பங்கள் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அண்டை வீட்டார் நாம் எதிர்பார்த்த சொல்லைச் சொல்லாதபோது, மனம் கசக்குமுன் அவர்கள் வழக்கம் யாதென்று கேட்டறிவோம். அவர்கள் எதிர்பார்க்கும் சொல் எதுவென்று தெரிந்துகொண்டு, அதனைக் காலந் தாழ்த்தாது நாம் சொல்வோம்.