எஃப்பிஜிஏ கத்துக்கப் போறீங்களா? போர்டு வாங்கும் முன் இதைப் படிங்க

ஐடி வேலையிலிருந்து சிப் டிசைன் பக்கம் போகணும் என்று நினைப்பவர்கள் பலர் முதலில் தொடுவது எஃப்பிஜிஏ. பைத்தான், சி எழுதிப் பழகியவர்களுக்கு முதல் வாரமே குழப்பம்தான். 'நல்லாத்தானே கோடு எழுதுவேன், இது மட்டும் ஏன் வரல?' என்று தோன்றும். காரணம் எளிது. இங்கே நீங்கள் எழுதுவது புரோகிராம் அல்ல, ஒரு மின்சுற்றின் விவரிப்பு.

எஃப்பிஜிஏ என்றால் என்ன?

சாதாரண சிப்பின் சுற்று தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். எஃப்பிஜிஏ-வில் நிறைய சிறு லாஜிக் பிளாக்குகள் இருக்கும். அவற்றை எப்படி இணைப்பது என்பது உங்கள் கையில். பிறகு மாற்றவும் செய்யலாம். 1985-ல் சைலின்க்ஸ் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏ-வில் 64 பிளாக்குகள்தான். ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' ப்ராசஸரையும் எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி இயக்க முடியும்.

எங்கே சறுக்கும்?

சி மொழியில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வெரிலாக்கில் 'ஆல்வேஸ்' பிளாக்குகள் எல்லாமே ஒரே நேரத்தில் இயங்கும். 8 முறை சுற்றும் 'ஃபார் லூப்' எழுதினால், அந்தச் சுற்று 8 பிரதிகளாக சிப்பில் இடம்பிடிக்கும்.

எதில் தொடங்கலாம்?

எல்இடி-யை மினுக்க வையுங்கள். டாங் நானோ 9கே போர்டின் கிளாக் 27 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.7 கோடி துடிப்புகள். அரை நொடிக்கு ஒருமுறை எல்இடி மாற, 1.35 கோடி துடிப்புகளை எண்ண வேண்டும். 'டிலே' ஃபங்ஷனைத் தேடாதீங்க, எண்ணும் கவுன்டரையும் நீங்கதான் கட்டணும். 24 பிட் போதும், அது 1.67 கோடிக்கு மேல் எண்ணும்.

போர்டு உடனே வேணுமா?

வேண்டாம். ஐகாரஸ் வெரிலாக், ஜிடிகேவேவ் இரண்டும் இலவசம். லேப்டாப்பிலேயே சிமுலேஷன் செய்து, ஒவ்வொரு சிக்னலும் எப்போது மாறுகிறது என்று பார்க்கலாம். சோதனைக்கு 1.35 கோடிக்குப் பதில் 10 வரை எண்ணச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். வெரிலாக் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கவுன்டர், டிராஃபிக் சிக்னல், யூஆர்ட் இந்த மூன்றும் சிமுலேஷனில் சரியாக வந்த பிறகு போர்டு வாங்குங்க. அதுவரை ஒரு பழக்கம் போதும்: கோடு எழுதும் முன் பேப்பரில் சுற்றை வரையுங்கள். வரைய முடியலையா? இன்னும் எழுதும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.