மூன்றாவது மீன்

கொளத்தூர் கடைகளில் கடல்மீன் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளும் நீலமும் மின்னும்போது வேறெதையும் யோசிக்கத் தோன்றாது. ஆனால், புது மீன் நிலைக்குமா என்பது பெரும்பாலும் வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே குடியிருக்கும் மீனின் கையில் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

பவளப்பாறையில் பொந்துதான் சொத்து. ஒளிய ஒரு பொந்தும் மேய ஓர் இடமும் இருந்தால்தான் மீன் பிழைக்கும். இரண்டுக்கும் பங்கு கேட்டு வருகிற மீனை அது விரட்டும். தன்னைப்போன்ற உடலும் நிறமும் கொண்ட மீன்மீதுதான் அதற்குக் கோபம் அதிகம். மஞ்சள் டாங் இருக்கும் தொட்டியில் அதேபோன்ற தட்டை உடல் கொண்ட இன்னொரு டாங்கை விட்டால், வாலடியில் உள்ள கத்தி முள்ளால் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். கடலில் தோற்ற மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். மூன்றடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்?

பலர் வீட்டில் இருப்பது அந்த மூன்றடித் தொட்டிதான். சுமார் 200 லிட்டர், உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். ஜோடி சேர்ந்தபின் மூன்றாவது கோமாளியை விடவே கூடாது. இரண்டும் சேர்ந்து அதைத் துரத்தியே கொன்றுவிடும்.

2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படம் பார்த்தவர்கள் அடுத்ததாக அதில் வரும் டோரியைத் தேடுவார்கள். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும் அந்த நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும். ஆறடித் தொட்டியாவது இல்லாதவர்கள் அதை வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. டாம்சல் விலை குறைவு, எதையும் தாங்கும்; ஆனால் வளர்ந்தபின் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். வேண்டுமென்றால் கடைசி மீனாக விடலாம். சிங்கமீனுக்கோ வாயில் அடங்குவதெல்லாம் இரை.

இரண்டு கோமாளிகள் இருக்கும் அந்த மூன்றடித் தொட்டிக்கு நான் சொல்வது வாட்ச்மேன் கோபி என்ற மீன். கோமாளிகள் நடுநீரில் நிற்கும். கோபி பெரும்பாலும் மணலை விட்டு எழாது. கூட ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டால் பார்க்கக் கண் போதாது. கண்பார்வை மங்கிய அந்த இறால் வளை தோண்டி, புல்டோசர்போல மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை கோபியின் உடலில் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலை மெல்ல ஆட்டும்; இறால் அந்தக் கணமே உள்ளே போய்விடும். கோபி துள்ளி வெளியே விழக்கூடியது, தொட்டிமேல் வலை மூடி கட்டாயம்.

எந்த மீனானாலும் பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய வயிறு, வேகமாகத் துடிக்கும் செவுள் இருந்தால் வேண்டாம். பண்ணையில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. அப்படி வளர்ந்தவை உலர்தீனியைத் தயங்காமல் தின்னும். பவளப்பாறையிலிருந்தும் ஒரு மீன் குறையாது.

வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். நான்கு வாரமாவது தனித்தொட்டி. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி ஒருமுறை பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் மணலிலும் பாறையிலும் வாரக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அதற்கான தாமிர மருந்தை அங்கே ஊற்றவும் முடியாது; இறாலும் பவளமும் செத்துப்போகும்.

விடும் நாளில் பாறைகளைச் சற்று இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீன்களும் புதிதாகப் பொந்து தேட வேண்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் புது மீனை விடுங்கள். மறுநாள் அதன் வால் கிழிந்திருந்தால் பலரும் அடிபட்டதைத்தான் எடுத்துத் தனியே வைக்கிறார்கள். எடுக்க வேண்டியது அடித்ததை. ஒரு வாரம் அது வெளியே இருக்கட்டும். அதற்குள் புது மீன் ஒரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வருகிற மீன்தான் இடம் தேடி அலைய வேண்டிவரும்.